ரோஜா நிற ஜக்கும் அதிலிருக்கும் தங்கமும்

கேள்வி இது: "வடக்கு இங்கிலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஜக் ஒன்று வாங்கினேன். வெள்ளைப் பீங்கான் மேல் ரோஜா நிறத்தில் மேகம் மேகமாகத் தெறித்த பூச்சு. ஒரு பக்கம் இரும்புப் பாலத்தின் படமும் 1796 என்ற ஆண்டும், மறுபக்கம் மாலுமியைப் பற்றிய பாட்டு. அடியில் முத்திரை எதுவும் இல்லை. விற்றவர் இதை 'லஸ்டர்' என்றார், இதில் தங்கம் இருக்கிறது என்றும் சொன்னார். உண்மையா? 1796-இல் செய்ததா? இந்த வகைப் பாத்திரங்களைச் சேகரிக்க ஆசை வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?"

லஸ்டர் என்பது பாத்திரத்தின் மேல் உலோகம் போல மின்னும் பூச்சு. தங்கம் இருப்பது உண்மைதான். சுரண்டி எடுத்தால் குன்றிமணி எடைகூடத் தேறாது, ஆனால் அந்த ரோஜா நிறமே தங்கம்தான். தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் தங்கத்தைக் கரைத்து, அந்தக் கரைசலை எண்ணெய்ப் பதமுள்ள ஒரு கலவையோடு சேர்த்து, ஏற்கெனவே சுட்டு மெருகேற்றிய பாத்திரத்தின் மேல் தூரிகையால் பூசுவார்கள். பிறகு சிறிய சூளையில் குறைந்த சூட்டில் இன்னொரு முறை சுடுவார்கள். எண்ணெய் எரிந்து போகும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத தங்கத் துகள்கள் மட்டும் மெல்லிய படலமாகப் பாத்திரத்தில் தங்கிவிடும். தங்கம் கட்டியாக இருந்தால் மஞ்சள், அவ்வளவு நுண்ணிய துகளாகிவிட்டால் சிவப்பும் ஊதாவும்.

அதே தங்கக் கரைசலை வெள்ளைக்குப் பதிலாகச் செம்பழுப்பு மண்ணில் செய்த பாத்திரத்தின் மேல் தடிமனாகப் பூசினால், அச்சு அசலாகத் தேய்த்து வைத்த செம்புப் பாத்திரம் போலத் தெரியும். ஆங்கிலேயர்கள் இதைச் செம்பு லஸ்டர் என்றே அழைத்தார்கள். பெயர் செம்பு, பூசியது தங்கம். வெள்ளி லஸ்டரிலும் இதே கதைதான். வெள்ளி கறுத்துப் போகும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தானே? அதனால் அதற்குப் பிளாட்டினம் பூசினார்கள். பிளாட்டினம் கறுக்காது. இருநூறு வருடம் கழித்தும் அந்தத் தேநீர்க் கெட்டில்கள் மினுங்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

இதெல்லாம் 1800-ஐ ஒட்டி, இங்கிலாந்தில் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் தொடங்கிய வேலை. ஸ்போட் என்ற பீங்கான் தொழிற்சாலையில் வேலை செய்த ஜான் ஹான்காக், இதை முதலில் செய்து காட்டியது தான்தான் என்று முதுமையில், 1846-இல், உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். 1810-இல் பீட்டர் வார்பர்ட்டன் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் பாத்திரத்தில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். யார் முதல் என்ற வழக்கு எப்படிப் போனாலும், வெள்ளிச் சாமான் வாங்க வசதியில்லாத குடும்பத்தின் அலமாரியிலும் வெள்ளி போல ஒன்று மின்ன இந்தப் பூச்சு வழி செய்தது. எனக்கு இந்தப் பாத்திரங்களின் மேல் இத்தனை பிரியம் வந்ததற்கு முதல் காரணம் அது. 1840-இல் எல்கிங்டன் நிறுவனம் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. உண்மையான வெள்ளியையே மலிவாக முலாம் பூசித் தர முடிந்த பிறகு, முழுக்க வெள்ளி லஸ்டர் பூசிய தேநீர்ச் செட்டுகளுக்கு மவுசு குறைந்தது. ஆகவே ஜார்ஜ் மன்னர்கள் காலத்து வெள்ளிச் சாமானின் வடிவத்தை அப்படியே பின்பற்றும் வெள்ளி லஸ்டர் கெட்டில் ஒன்று கையில் கிடைத்தால், அது பெரும்பாலும் அதற்கு முந்தைய காலத்தது.

ஆனால் லஸ்டர் என்ற பெயர் இதைவிடப் பல நூற்றாண்டு பழைய இன்னொரு கலைக்கும் உண்டு. சேகரிக்கத் தொடங்குகிறவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டையும்தான். மற்றதெல்லாம், அதாவது காலம், விலை, போலி, பராமரிப்பு எல்லாம், இதிலிருந்துதான் கிளைக்கிறது.

பழைய முறையில் படலம் பூசுவது கிடையாது, புகை போடுவதுதான். வெள்ளி அல்லது செம்பு உப்பைக் காவி மண்ணோடு குழைத்து, வெள்ளீய மெருகேற்றிச் சுட்ட பாத்திரத்தின் மேல் சித்திரம் வரைவார்கள். மூன்றாவது முறையாகச் சூளையில் வைத்து, மெருகு இலேசாக இளகும் சூட்டில், காற்றை அடைத்துப் புகை மூட்டம் போடுவார்கள். பிராணவாயு கிடைக்காத நெருப்பு, அந்த உப்பிலிருக்கும் பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் வெள்ளியும் செம்பும் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறிய துகள்களாக மெருகுக்கு உள்ளேயே புதைந்துவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது பாத்திரம் கரி பிடித்த சட்டி போலத்தான் இருக்கும். ஒட்டியிருக்கும் காவியைத் துணியால் தேய்த்துத் துடைத்தால் அடியிலிருந்து பொன்னும் மாணிக்கமும் எழுந்து வரும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் ஈராக்கின் குயவர்கள் இதைப் பீங்கானில் செய்தார்கள். துனீசியாவில் கைரவான் பெரிய பள்ளிவாசலில், தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைச் சுற்றி அந்தக் கால ஓடுகள் இன்றும் இருக்கின்றன. எகிப்து, பாரசீகம் வழியாக வளர்ந்த கலை ஸ்பெயினுக்கு வந்தது. முதலில் மாலகா, பதினைந்தாம் நூற்றாண்டில் வலென்சியாவை ஒட்டிய மனிசெஸ். அங்கே முஸ்லிம் குயவர்கள் கிறிஸ்தவப் பிரபுக்களின் குலச்சின்னங்களைத் தட்டுகளில் வரைந்து கொடுத்தார்கள். இத்தாலியச் செல்வர்கள் அதைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். 1500-ஐ ஒட்டி இத்தாலியர்களே கற்றுக்கொண்டார்கள். தெருதா என்ற ஊரில் நீலக் கோட்டுக்குள் வைக்கோல் நிறப் பொன், குப்பியோ என்ற ஊரில் மேஸ்திரோ ஜோர்ஜோ அந்திரேயோலியின் மாணிக்கச் சிவப்பு. வேறு ஊர்களில் வரைந்து முடித்த தட்டுகளையும் லஸ்டர் மட்டும் சேர்க்கக் குப்பியோவுக்கு அனுப்புவார்களாம். அவ்வளவு பேர் அந்தச் சிவப்புக்கு. 1557-ஐ ஒட்டிக் குயவுத் தொழிலைப் பற்றி எழுதிவைத்த பிக்கோல்பாசோ என்ற இத்தாலியர், நூறு உருப்படி சூளைக்குப் போனால் ஆறு தேறுவதே அரிது என்கிறார். அதனால் ஒவ்வொரு நல்ல தட்டுக்கும் பின்னால் உடைத்து எறிந்த ஒரு குவியலையும் நினைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

கையில் எடுத்து வித்தியாசம் பார்ப்பது எப்படி? பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நின்று, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். புகை லஸ்டர் ஒரு கோணத்தில் வெறும் பழுப்புக் கோடாக இருக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மயில் கழுத்து போல நீலமும் ஊதாவும் பொன்னும் சட்டென்று ஓடும். நிறம் ஆழத்திலிருந்து வரும். ஆங்கிலப் படல லஸ்டர் முலாம் பூசியது போல மேலேயே நிற்கும், எந்தக் கோணத்திலும் ஏறக்குறைய ஒரே நிறம்தான். ஜக்கின் பிடி, வாய் விளிம்பு, வயிற்றின் புடைப்பு என்று கை படும் இடங்களில் தேய்ந்து, அடியிலிருக்கும் மண் நிறம் தெரியும். கடையின் மஞ்சள் விளக்கில் இந்தச் சோதனை பலிக்காது. கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள், நல்ல வியாபாரி மறுக்கமாட்டார்.

சரி, உங்கள் ஜக்குக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் சண்டர்லேண்ட் லஸ்டருக்கு உரியவை. வேர் என்ற பெயருள்ள நதி கடலில் சேரும் இடத்தில், நிலக்கரியும் கப்பல்களும் நிறைந்த துறைமுக நகரம் அது. பூசிய ரோஜா நிறம் காயும் முன்னே அதன் மேல் எண்ணெய்த் துளிகளைத் தெறித்துவிடுவார்கள். துளி விழுந்த இடத்தில் நிறம் விலகி வட்டம் வட்டமாகப் பரவும். மேகம் மேகமாக நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஒவ்வொரு ஜக்கிலும் அந்தத் தெறிப்பு வேறு மாதிரி விழுந்திருக்கும்.

பாலம், வேர் நதியின் மேல் 1796-இல் திறந்த வார்ப்பிரும்புப் பாலம். ஒரே வளைவாக 236 அடி அகலத்தைத் தாண்டியது. ரோலண்ட் பர்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் முன்னின்று கட்டியது. அந்த ஊர் மக்களுக்கு அது எவ்வளவு பெரிய பெருமை என்பதற்கு, பாலம் திறந்து அரை நூற்றாண்டு கடந்தும் பீங்கானில் அதை அச்சடித்துக்கொண்டே இருந்ததுதான் சாட்சி. அதனால் படத்தோடு இருக்கும் ஆண்டு பாலத்தின் ஆண்டு, உங்கள் ஜக்கின் ஆண்டு இல்லை. புதிதாகச் சேகரிப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்தத் தெறிப்புப் பாணி ஜக்குகள் பெரும்பாலும் 1820-க்கும் 1870-க்கும் இடைப்பட்டவை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இதே ரோஜாத் தெறிப்பை நியூகாசிலிலும் ஸ்டாஃபோர்ட்ஷயரிலும்கூடச் செய்தார்கள். 'சண்டர்லேண்ட்' என்பது பல நேரம் பாணியின் பெயர். உங்களுடையதில் பாலம் இருப்பதால் ஊரும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். முத்திரை இல்லாததைக் குறையாக எடுக்க வேண்டாம். அந்தக் காலத்து லஸ்டரில் பெரும்பகுதிக்கு முத்திரையே கிடையாது.

மாலுமிப் பாட்டுகளைப் படித்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவனின் விடைபெறல், கரையில் காத்திருக்கும் மனைவி, திரும்பி வந்தவனின் சந்தோஷம் என்று வரும். சுவரில் மாட்டும் பலகைகளும் செய்தார்கள், செவ்வக நடுவில் வேத வசனம், சுற்றிலும் ரோஜா நிறச் சட்டம். "நீர் என்னைக் காண்கிற தேவன்", "உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு" என்ற வசனங்களை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். கப்பல் போன வீட்டின் சுவரில் இவை தொங்கியதை நினைத்தால் வெறும் அலங்காரப் பொருளாக எடுத்துக்கொள்ள முடியாது. குவளைக்கு உள்ளே அடியில் ஒரு மண் தவளையை ஒட்டி வைத்த வகையும் உண்டு. குடிக்கக் குடிக்கத் தவளை தலை தூக்கும், பார்க்காமல் குடித்தவர் அலறுவார். இவையெல்லாம் ஒரு துறைமுக ஊரின் அன்றாட வாழ்க்கையைக் கையில் கொடுக்கின்றன. சண்டர்லேண்ட் அருங்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன. அடுத்த ஜக் வாங்குவதற்கு முன் ஒரு நாள் அங்கே செலவழியுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். என் கருத்து உறுதியானது: செம்பு லஸ்டர் ஜக்குகளில் தொடங்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமாகச் செய்ததால் இன்றும் விலை குறைவு. பழுப்பு மின்னும் உடல், நடுவில் நீலப் பட்டை, பட்டையின் மேல் புடைப்பாகப் பூக்கள் என்று இருக்கும். நீலத்துக்குப் பதில் மஞ்சள் பட்டை, ரோஜா நிறப் பட்டை உள்ளதும் உண்டு. ஆறேழு உருப்படி கையில் புழங்கினால், எடை எப்படி இருக்க வேண்டும், அடிவளையம் எப்படித் தேய்ந்திருக்க வேண்டும், பழைய பிடி எப்படி ஒட்டியிருக்கும் என்று விரல்களுக்கே பழகிவிடும். அந்தப் பழக்கம் இல்லாமல் விலை உயர்ந்ததில் கை வைக்கக் கூடாது.

அடுத்த படியாக வெள்ளித் தடுப்பு வகை. பாத்திக் துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்ப்பார்களே, அதே யோசனை. சர்க்கரைப் பாகு போன்ற, தண்ணீரில் கரையும் பிசினால் பூவும் பறவையும் வரைந்து, மேலே முழுக்கப் பிளாட்டினக் கரைசலைப் பூசி, காய்ந்ததும் கழுவினால், வரைந்த இடம் மட்டும் கரைந்து வெண்மை தெரியும். வெள்ளி வானத்தில் வெள்ளைக் கொடி ஓடுவது போல இருக்கும். வெண்மைக்குப் பதிலாகக் கானரிப் பறவை மஞ்சளில் அடித்தளம் அமைந்தவை அரிது, விலையும் ஏறும். எனக்கு ஆங்கில லஸ்டரில் மனதுக்கு நெருக்கமானது இந்த வகைதான். வெட்ஜ்வுட் நிறுவனம் 1800-களின் தொடக்கத்தில் சிப்பி வடிவப் பாத்திரங்களில் ரோஜா, சாம்பல், மஞ்சள் கலந்து செய்த 'நிலவொளி' லஸ்டரும் அழகு, ஆனால் அது தொடக்கக்காரரின் பைக்கு எட்டாது.

புகை லஸ்டர்தான் வேண்டும் என்றால், குப்பியோ, தெருதா, பழைய மனிசெஸ் எல்லாம் அருங்காட்சியகத்தில் பார்த்து மகிழ வேண்டியவை. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் வாலஸ் சேகரிப்பிலும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைக்கு எட்டக்கூடியது பிற்காலத்தின் மறுபிறப்பு. அதில் முதல் பெயர் வில்லியம் டி மார்கன். கண்ணாடி ஓவியங்களைச் சூளையில் சுட்டபோது வெள்ளி மினுக்கம் தற்செயலாகத் தோன்றியதைப் பார்த்து, மறந்து போயிருந்த அந்தக் கலையின் பின்னால் வாழ்நாள் முழுவதும் போனவர். 1872-இல் சூளை நெருப்பால் அவர் வீட்டுக் கூரையே எரிந்தது. லண்டனின் செல்சி பகுதிக்கு இடம் மாறித் தொடர்ந்தார். 1907-இல் பட்டறையை மூடும் வரை அதில் பெரிய லாபம் பார்க்கவில்லை. ஆனால் அந்த மாணிக்கச் சிவப்பு மான்களும் மீன்களும் பாய்மரக் கப்பல்களும்! பின்னால் சி.பி., எஃப்.பி. என்ற எழுத்துகள் இருந்தால், சார்லஸ், ஃப்ரெட் என்ற பாசெஞ்சர் சகோதரர்கள் தீட்டியது. ஒரு எச்சரிக்கை: சித்திரம் தீட்டாத வெற்று ஓடுகளை அவர் வெளியே வாங்கியும் வேலை செய்தார். அதனால் ஓட்டின் பின்புறம் வேறு நிறுவனத்தின் பெயர் பதிந்திருந்தால் உடனே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

மான்செஸ்டர் அருகே பில்கிங்டன் தொழிற்சாலை 1906-இல் லஸ்டரை வெளியிட்டது. சேகரிப்பவருக்கு இதைப் போல வசதியானது வேறு இல்லை. ஓவியரின் சின்னமும் ஆண்டுக் குறியும் பெரும்பாலும் அடியிலேயே இருக்கும். கார்டன் ஃபோர்சைத், ரிச்சர்ட் ஜாய்ஸ், வில்லியம் மைகாக் ஆகியோரின் வேலையைத் தேடுங்கள். ஜாய்ஸின் விலங்குகளுக்கு உயிர் உண்டு. ஹங்கேரியின் பேச் நகரத்தில் ஜொல்னாய் நிறுவனம் 1893 முதல் இயோசின் என்ற பெயரில் செய்தது தனி உலகம். வண்டின் முதுகு போலப் பச்சையும் நீலமும் ஒயின் சிவப்பும் மின்னும். ஐந்து கோபுர முத்திரை அதன் அடையாளம். ஆனால் அந்த நிறுவனம் இன்றும் இயங்குகிறது, இன்றும் இயோசின் செய்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் பழையது என்று முடிவு கட்டக் கூடாது. பிரான்சில் கோல்ஃப்-ஜுவானில் கிளெமாந் மசியே செய்ததும் பார்க்க வேண்டியது.

டெய்சி மேக்கிக்-ஜோன்ஸ் வெட்ஜ்வுட்டுக்காக வடிவமைத்த தேவதை லஸ்டர் 1915-இல் வந்தது. எலும்புச் சாம்பல் கலந்த பீங்கானான போன் சைனாவில் பல தடவை சுட்டு, மேலே தங்கக் கோடு அச்சிட்ட கனவுக் காடுகள். விலையும் உச்சம், போலியும் அதிகம். அதே காலத்து வெட்ஜ்வுட்டின் வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு வகைகள் பாதிச் செலவில் அதே கையின் அழகைத் தரும் என்பது என் எண்ணம்.

போலியைவிடச் சேகரிப்பவரை அதிகம் காயப்படுத்துவது மறைத்த பழுது. இணைய ஏலத்தில் நான் வாங்கிய வெள்ளித் தடுப்பு ஜக் ஒன்று, படத்தில் குறையே இல்லாமல் தெரிந்தது. கையில் வந்ததும் வாய்ப்பக்கம் மட்டும் வழுவழுப்பு வேறு மாதிரி இருந்தது. புற ஊதா விளக்கடியில் வைத்தபோது மூக்கு முழுவதும் தனியாக ஒளிர்ந்தது. உடைந்த மூக்கைப் பசையால் செய்து, வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். விற்றவர் பதிலே சொல்லவில்லை. அதிலிருந்து, விலை கூடிய எதையும் நேரில் பார்க்காமல் வாங்குவதில்லை. விரல் நகத்தால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். முழுப் பாத்திரம் 'ணங்' என்று கூவும், விரிசல் உள்ளது 'டொக்' என்று செத்த ஒலி தரும். பழுது பார்த்த இடம் தொட்டால் பீங்கானின் குளிர்ச்சி இல்லாமல் இதமாக இருக்கும்.

மறுபதிப்புகளும் உண்டு. ஸ்டாஃபோர்ட்ஷயரின் கிரே நிறுவனம் இருபதாம் நூற்றாண்டில் சண்டர்லேண்ட் பாணியைத் தன் முத்திரையோடு நேர்மையாகச் செய்தது. முத்திரையைத் தேய்த்துவிட்டுப் பழையதாக விற்பவர்களால்தான் தொல்லை. அடியில் ஓரிடம் மட்டும் மங்கலாகத் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். 'இங்கிலாந்து' என்ற சொல் ஆங்கிலத்தில் இருந்தால் பொதுவாக 1891-க்குப் பிந்தையது, அமெரிக்கா இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று சட்டம் போட்டதன் விளைவு. 'இங்கிலாந்தில் தயாரித்தது' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. உங்கள் ஜக்கின் பாலத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பாருங்கள். பழையது செப்புத் தகட்டில் செதுக்கி, மெல்லிய தாளில் அச்செடுத்து ஒட்டியது. கோடுகளில் செதுக்குபவரின் கை தெரியும். மேலே தொட்டு வைத்த பச்சையும் மஞ்சளும் கோட்டைத் தாண்டி அவசரமாக வழிந்திருக்கும். அச்சு இயந்திரத்தின் புள்ளிகள் வரிசை வரிசையாக ஒரே சீராக நின்றால், அது புதியது. பிடி உள்ளீடற்றதாக இருந்து, ஜக்கின் உட்சுவரில் அது சேரும் இடத்தில் சிறு துளை தெரிந்தாலும் பிற்கால வார்ப்பு என்றே நான் சந்தேகப்படுவேன்.

பராமரிப்பு எளிது. படலம் அவ்வளவு மெல்லியது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரம், தேய்ப்பு நார், பித்தளை பாலிஷ், ப்ளீச் எதுவும் கூடாது. பிளாட்டினம் கறுக்காது என்பதால் வெள்ளி லஸ்டருக்குப் பாலிஷே தேவையில்லை. அப்படிப் போட்டுப் போட்டே வெளுத்துப் போன கெட்டில்கள் எத்தனையோ. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, பருத்தித் துணி போதும். மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் ஊற வைக்காதீர்கள், தண்ணீர் உள்ளே இறங்கிக் கறை பரவும். ஈய மெருகு என்பதால் இதில் மோரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிக் குடிக்கவும் கூடாது. அடுக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று வைக்காமல், இடையில் இடம் விட்டு, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வையுங்கள்.

அப்புறம், சந்தையில் வாங்கியதால் ஜக்கின் மேல் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். லஸ்டர் உள்ள இடத்தில் ஒட்டியிருந்தால் நகத்தால் பிய்த்து எடுக்காதீர்கள், பசையோடு தங்கமும் வந்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிடம் வைத்திருங்கள். தாள் ஊறியதும் விரலால் மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தினால் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.